தூண்டிலும் படகும்: யாரும் பேசாத சின்னச் சாமான்கள்

தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்பது தெரிந்ததுதான். எந்த லூர் (செயற்கை இரை), எந்த நிறம், எந்த இடம். கொஞ்ச நேரம் கழித்து ராடு (தூண்டில் கோல்) எத்தனை அடி, ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) எந்தக் கம்பெனி. முள் கூராக இருக்கிறதா, டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் ரீலின் பிரேக்கை) எதை வைத்து அளந்தாய், ரீலில் நரம்பு ஓடும் ரோலர் சுற்றுகிறதா என்று கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். பல வருடங்களாக இந்தப் பொழுதுபோக்கில் ஊறிக் கிடப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கைக்கு வந்த மீன் போனதற்கும், நடுத் தண்ணீரில் மோட்டார் நின்றதற்கும் நான் பார்த்தவரை காரணம் அநேகமாக உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாமான்தான். விலை உயர்ந்த சாமான் தானாகக் கெடுவது குறைவு. பக்கத்தில் இருக்கும் மலிவான சாமான்தான் அதைக் கெடுக்கிறது.

நரம்பிலிருந்து தொடங்குகிறேன். மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது: மோனோ எனப்படும் நைலான் ஒற்றை இழை, பிரெய்டு எனப்படும் பின்னல் இழை, அப்புறம் ஃப்ளூரோகார்பன். எது உசத்தி என்ற சண்டைக்கு நான் போவதில்லை; மூன்றுக்கும் வேலை வேறு வேறு. நைலான் இழுத்தால் நீளும். தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், நனைந்ததும் பலம் சற்றுக் குறையும். நீள்வது குறையாகத் தெரியலாம். ஆனால் பெரிய மீன் படகோரம் வந்து தலையை உதறும்போது, முள் பிடுங்கிக்கொள்ளாமல் காப்பது அந்த நீட்சிதான். பிரெய்டு பாலிஎத்திலீன் இழை. நீளவே நீளாது என்று சொல்லிவிடலாம். தூரத்தில் மீன் இரையைத் தொட்டுப் பார்ப்பதுகூட விரலில் தெரியும். அதே காரணத்தால் டிராக் இறுக்கமாக இருந்தால் மீனின் வாய் கிழியும், இல்லையென்றால் ராடு போகும். ஃப்ளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42. தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் அவ்வளவாகக் கண்ணில் படாது. அது நைலானைவிடக் கனம், மூழ்கும். பிரெய்டு தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். மேலே மிதக்க வேண்டிய லூருக்கு நீளமான ஃப்ளூரோ லீடர் (நுனியில் இணைக்கும் தனி நரம்புத் துண்டு) கட்டிவிட்டு, லூர் சரியாக ஆடவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லீடர் லூரின் மூக்கைக் கீழே இழுக்கிறது, அவ்வளவுதான்.

என் ரீலில் பெரும்பாலும் பிரெய்டு, நுனியில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் மோனோ அல்லது ஃப்ளூரோ லீடர். பிரெய்டை ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) நேராகச் சுற்றினால் வழுக்கும். முடிச்சு இறுகியிருந்தாலும் மொத்தச் சுற்றும் ஒரே கட்டாகச் சுழலும். டிராக் கெட்டுப்போனது போலத் தோன்றும். இதை டிராக் கோளாறு என்று நினைத்து ரீலைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் சில சுற்று மோனோ போட்டுவிட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்றினால் பிரச்சினையே இல்லை. ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது, குறைவாகவும் விடக் கூடாது. விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். குறைந்தால் வீச்சு தூரம் போகாது. நிறைந்தால் சுருள் சுருளாக ஒரே நேரத்தில் வெளியே குதித்துச் சிக்கும்.

சிக்கல் என்றதும் முறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது, டிராக் கரகரவென்று சத்தம் போட, பதற்றத்தில் பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. நரம்பு ஒரு அங்குலம்கூட உள்ளே வராது. ஆனால் ஸ்பூலைச் சுற்றிவரும் ரோட்டரின் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றிவிடும். கியர் விகிதம் 5:1 என்றால் பிடியை ஒரு முறை சுற்றினால் ஐந்து முறுக்கு. மீன் ஓடினால் ஓடட்டும், கையை நிறுத்துங்கள். அது நின்றதும் ராடை மேலே தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். வீசிய பிறகு, நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பிவிடும் வளைந்த பெயில் கம்பியைப் பிடியால் சுற்றி மூடாமல் கையால் மூடினாலும் முறுக்கும் தளர்ந்த சுருளும் குறையும். ஏற்கெனவே முறுக்கிக்கொண்ட நரம்பை வெட்டி எறிய வேண்டியதில்லை. நுனியில் எதையும் கட்டாமல், மெதுவாகப் போகும் படகுக்குப் பின்னால் நீளமாக விட்டுச் சில நிமிடம் இழுத்துக்கொண்டு போனால் முறுக்கு தானாகக் கழன்றுவிடும்.

முடிச்சில் பத்து வகை தெரிந்திருக்கத் தேவையில்லை. முள்ளுக்கோ லூருக்கோ கட்டப் பலோமார், பிரெய்டையும் லீடரையும் இணைக்க ஒன்று, இது போதும். இணைப்புக்கு எஃப்ஜி முடிச்சு மெலிதானது, ராடின் வளையங்களில் உரசாமல் போகும். ஆனால் ஆடும் படகில் காற்றடிக்கும்போது அதைக் கட்டக் கை வராது என்றால் இரட்டை யூனி முடிச்சு கட்டுங்கள். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கட்ட வருகிற முடிச்சுதான் உங்கள் முடிச்சு. எதைக் கட்டினாலும் இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடாகும், அந்தச் சூட்டிலேயே பலவீனமாகும். நரம்பு அறுந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருபவர்களிடம் நுனியைப் பார்ப்பேன். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு வழுக்கியிருக்கிறது. சொரசொரவென்று இருந்தால் பாறையோ மீனின் பல்லோ வேலை காட்டியிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல் நகத்துக்கு இடையே ஓட்டிப் பார்த்து, நெருடினால் அங்கேயே வெட்டி மறுபடி கட்டுகிறேன். கூட வருகிறவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து, "ம், சரியா இருக்கு" என்கிற பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொக்கி வைத்த சின்ன எடைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் நழுவ வேண்டும். 10 கிலோ நரம்பு என்றால் இரண்டரை, மூன்று கிலோ இழுப்பில். "இவ்வளவு தளர்வா வச்சா மீன் எப்படி வரும்?" என்பார்கள். முடிச்சின் பலவீனம், வளையங்களின் உராய்வு, வளைந்த ராடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்போது மிச்சம் இருப்பது அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. இன்னொன்று, மீன் நீளமாக ஓடி நரம்பை உருவ உருவ, ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. டிராக் திருகைத் தொடாமலேயே இழுவிசை கூடுகிறது. விட்டம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பு. அதனால்தான் மிக நீளமாக ஓடிய மீன் கடைசியில் நரம்பை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் இறுக்கத் தோன்றும். செய்ய வேண்டியது கொஞ்சம் தளர்த்துவது.

முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் நுனியை இலேசாக வைத்து இழுங்கள். பதிந்து நின்றால் கூர்; வழுக்கினால் தீட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த முள்ளுக்கும் இதைச் செய்யுங்கள். லூரோடு வரும் மும்முனை முள்களில் மட்டமானவை நிறைய உண்டு.

ராடில் கண்ணில் படாத எதிரி, வளையத்தின் பீங்கான் உள்விளிம்பில் விழும் மயிரிழை விரிசல். பார்த்தால் தெரியாது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வளையத்துக்குள் ஒரு சுற்று சுற்றினால் பஞ்சு சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறது. புது நரம்பு காரணமில்லாமல் பிசிறடிக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். நுனி வளையம்தான் அதிகம் அடிபடும். கார்பன் ராடுகள் உடைவது பெரும்பாலும் மீன் தூரத்தில் இருக்கும்போது இல்லை. படகுக்குக் கீழே வந்த பிறகு, ராடை நெட்டுக்குத்தாகத் தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்கும்போது. சுமை முழுவதும் மெல்லிய நுனிப் பகுதிக்குப் போய்விடுகிறது. வலையை நீட்டி மீனை எடுங்கள், ராடால் தூக்காதீர்கள். அப்புறம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே ராடை நிமிர்த்திக்கொண்டு நடப்பதும், இடி முழங்கும்போது "இன்னும் ஒரு வீச்சு" என்று நிற்பதும் வேண்டாம். இதில் விளையாட்டே கூடாது.

உப்புத் தண்ணீரிலிருந்து திரும்பியதும் ரீலைக் கழுவுவதில் இரண்டு கட்சி இருக்கிறது. பக்கெட்டில் முக்கி எடுப்பவர்கள், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுபவர்கள். இரண்டுமே உப்பை உள்ளே தள்ளும் வேலை. டிராக் திருகை முழுக்க இறுக்கிவிட்டு, பூத்தூறல் மாதிரி மெதுவாக நல்ல தண்ணீர் தெளித்தால் போதும். இறுக்குவது டிராக் தட்டுகளுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. உதறி, துடைத்து, நிழலில் காயவைத்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் தட்டுகள் அமுங்கிப்போய், அடுத்த முறை டிராக் சீராக நழுவாமல் விட்டு விட்டு இழுக்கும். அந்த உதறலில்தான் லீடர் போகும். எண்ணெய் இரண்டு இடத்துக்கு முக்கியம்: பிடியின் குமிழ், லைன் ரோலர். ரோலருக்கு ஒரு சொட்டு. பட்டாணி அளவு இருக்கும் அந்த உருளை சுற்றாமல் நின்றுவிட்டால் நரம்பு அதன் மேல் உராய்ந்துகொண்டே ஓடும், முறுக்கும் ஏறும், பிசிறும் அடிக்கும். கியருக்குக் கிரீஸ். துரு நீக்கும் ஸ்பிரேயை எண்ணெய்க்குப் பதிலாக அடிப்பவர்கள் உண்டு. அது ஈரத்தை விரட்டும், கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும்.

லூர் பெட்டிக்கு ஒரே விதி, ஈரமான எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு நனைந்த லூர் பெட்டி முழுவதையும் துருவேற்றிவிடும். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் செயற்கை இரைகளைக் கடினமான பிளாஸ்டிக் லூர்களோடு சேர்த்துப் போட்டால் கோடையில் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். அவை வந்த பையிலேயே இருக்கட்டும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்தும் சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். தடவிய கையைக் கழுவாமல் லூரையோ கண்ணாடியையோ தொடாதீர்கள்.

இவ்வளவையும் சரியாக வைத்துக்கொண்டு மீன் இல்லாத இடத்தில் போட்டால்? இதில் எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று ஆக்சிஜன். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் காலத்தில் காற்று அலையடிக்கும் கரை, ஓடை வந்து விழும் இடம், மதகடி ஆகியவற்றுக்கு மீன் வருவதில் இதற்குப் பங்கு உண்டு. ஆழமான ஏரிகளில் வெயில் காலத்தில் மேலே சூடான அடுக்கும் அடியில் குளிர்ந்த அடுக்கும் கலக்காமல் பிரிந்து நிற்கும். அடி அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அங்கே மீனும் இருக்காது. ஆழத்தில் பெரிய மீன் என்று நாள் முழுக்க அடியிலேயே இரையைப் போட்டுக் காத்திருப்பது அப்போது வீண். பாசியும் செடியும் மண்டிய குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில்தான். இரவெல்லாம் செடிகளும் சுவாசித்துத் தீர்த்திருக்கும். விடியற்காலைதான் எப்போதும் உத்தமம் என்கிற வேதவாக்கு அந்தக் குளத்தில் எடுபடாது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள்.

இரண்டாவது, சத்தமும் நிழலும். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல். படகில் உட்கார்ந்து பேசுவது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் காற்றிலிருக்கும் ஒலியில் மிகக் கொஞ்சம்தான் நீருக்குள் இறங்கும். ஆனால் படகின் அடித்தளத்தில் ஈயக்குண்டு விழுவதும், பெட்டியை இழுப்பதும், துடுப்பை மோதுவதும் நேரே தண்ணீருக்குள் போகும். தரையில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டு வையுங்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் முழுவதும் மீனுக்குச் சுமார் 97 டிகிரி கூம்புக்குள் வளைந்து தெரிகிறது. அந்த வட்டத்தின் ஓரத்தில், நீர்மட்டத்தை ஒட்டி இருப்பது நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். குனிந்து உட்கார்ந்தால் நாமும் அந்த மங்கலுக்குள் போய்விடுகிறோம்.

பிடித்ததில் சாப்பிடாததைத் திருப்பி விடுகிறவர்கள் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கையும் துண்டும் மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். அது கிருமியைத் தடுக்கும் அதன் கவசம். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடியில் முடியும். அது உங்கள் விரலில் ஏறினாலும் அப்படித்தான். வட்ட முள் (நுனி உள்பக்கமாக வளைந்தது) போட்டால் ராடை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நரம்பு இறுகும் வரை பொறுத்து, நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தால் அதுவே வாயோரம் மாட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் போன முள்ளைத் தோண்டி எடுப்பதைவிட நரம்பை ஒட்ட வெட்டிவிட்டு விடுவதே மீனுக்கு நல்லது.

இனிப் படகு. சின்னதாக ஒரு அலுமினியப் படகோ ஃபைபர் படகோ, பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார், கரைக்குக் கொண்டுவர ஒரு டிரெய்லர் வைத்திருக்கிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

எங்களோடு வருகிற மெக்கானிக் அண்ணன் ஒருவர், யார் படகைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விசிறியைக் கழற்றிப் பார்த்தியா தம்பி?" தண்ணீரில் கிடக்கும் அறுந்த நரம்பு விசிறியில், அதாவது புரொப்பல்லரில், சுற்றும். வெளியே தெரியும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் புரொப்பல்லருக்குப் பின்னால், தண்டைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். தண்டு சுற்றச் சுற்ற அது சூடாகி, அங்கே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுக்கும். சீல் போனால் கியர் பெட்டிக்குள் தண்ணீர். எண்ணெயோடு தண்ணீர் கலந்து, பேரிங் துருப்பிடித்து, கடைசியில் கியரே போகும். கையளவு நரம்பு, மோட்டாரில் மிகவும் செலவு வைக்கும் பகுதியைத் தின்றுவிடுகிறது. நட்டின் பூட்டு ஊசியை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, விசிறியை இழுத்து எடுத்தால் பத்து நிமிட வேலை. சுத்தமாக இருந்தாலும் தண்டில் கடல்நீருக்கான கிரீஸ் தடவித் திருப்பி மாட்டுங்கள். தடவாமல் விட்டால் உப்புத் தண்ணீரில் விசிறி தண்டோடு இறுகிக்கொண்டு கழற்ற வராது. பூட்டு ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. நாம் வெட்டி எறியும் நரம்புத் துண்டுதான் இன்னொருவர் சீலுக்கு எமன் என்பதால் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரவும்.

சீல் பழுதாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள கியர் எண்ணெயே சாட்சி. அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் எண்ணெயை ஒரு டப்பாவில் பிடியுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரே சொட்டினாலும் அதே அர்த்தம். எண்ணெய் மாற்றும்போது கீழ்த் துளை வழியாக அமுக்கி ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழிந்து வரும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், நிறைந்துவிட்டதாக நினைப்போம். திருகுகளின் சின்ன வாஷர்களையும் மாற்றுங்கள். பழையதையே போட்டுவிட்டு, "சீல் போச்சு" என்று மோட்டாரைப் பிரித்த கதையும் உண்டு.

மோட்டார் ஓடும்போது பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சுமே, ஸ்டார்ட் செய்ததும் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். அந்தத் தாரை குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்பதற்கு அடையாளம். மெலிந்திருந்தால் முதலில் அதன் துளையை மெல்லிய நரம்பால் குத்திப் பாருங்கள். பூச்சி கூடு கட்டியிருக்கலாம், மண் அடைத்திருக்கலாம். அப்படியும் வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்துங்கள். தண்ணீரை ஏற்றும் இம்பெல்லர் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலே அது கருகத் தொடங்கும். "சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கிறேன்" என்று வாசலில் வைத்து உலர்வாக முடுக்குவது அதைக் கொல்கிற வழி. நீர் உறிஞ்சும் இடத்தில் குழாய்க் கவ்வியை மாட்டி, தண்ணீரைத் திறந்த பிறகுதான் ஸ்டார்ட். ஓட்டாமல் கிடந்தாலும் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போகும். அதனால் ஓட்டிய மணிக்கணக்கு குறைவு என்று சமாதானம் சொல்லாமல் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழையதில் இதழ் முறிந்திருந்தால் முறிந்த துண்டையும் தேடி எடுக்க வேண்டும். அது உள்ளே நீர்வழியில் போய் அடைத்துக்கொண்டு, புது இம்பெல்லர் போட்ட பிறகும் மோட்டாரைச் சூடேற்றும்.

உப்புத் தண்ணீரில் ஓடியிருந்தால் அதே குழாய்க் கவ்வியை வைத்து நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். பிறகு மோட்டாரை நேராக நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் உள்ளே தங்கிய நீர் வடிந்துவிடும். மோட்டாரில் திருகியிருக்கும் சாம்பல் நிற உலோகக் கட்டிதான் ஆனோடு. மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடுவது அதன் வேலை. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டிலும் போவோருக்கு அலுமினியக் கலவை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்து அழகாக்கினால் அது வேலை செய்யாது. அலுமினியப் படகுக்காரர்களுக்கு இன்னொன்று: செப்புக் காசோ பித்தளைத் துண்டோ படகின் அடியில் விழுந்து ஈரத்தில் கிடந்தால், அந்த இடத்தில் அலுமினியம் குழி குழியாக அரித்துவிடும். அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டும் அதனால்தான் கூடாது.

படகு கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் டிரெய்லரில் நிற்கும்போதே உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். ரொம்ப ஊற்றாதீர்கள், தண்ணீரின் எடையை டிரெய்லர் தாங்க வேண்டுமே.

டிரெய்லரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரத்தின் மையம் சூடாக இருக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த பயணத்தில் பேரிங் இறுகி நடுச்சாலையில் நிற்க வேண்டியதுதான். கையை வைத்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகு இறக்குங்கள். அந்த நேரத்தில் விளக்கு வயரைக் கழற்றலாம், சாமான்களை ஏற்றலாம், முக்கியமாக வடிகால் பிளக்கைப் போடலாம். பிளக் மறந்து இறங்கிய படகு ஒன்றையாவது பார்க்காத படகுத்துறை இருக்காது. என் பிளக் எப்போதும் மோட்டார் சாவியோடு ஒரே கயிற்றில் தொங்கும். சாவியை எடுக்கும்போது கையில் பிளக் வந்தால் அது இன்னும் படகில் இல்லை என்று அர்த்தம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும், மோட்டார் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பழைய எரிபொருளை எடுத்துவிடுங்கள், அல்லது அது கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வெளியே போகும்போது மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய கணக்கை நான் மீறுவதில்லை. எதிர்காற்று வந்துவிட்டால் திரும்பி வர ஆகும் செலவு வேறு.

நங்கூரத்தை எப்போதும் முன்முனையிலிருந்து போடுங்கள். பின்னாலிருந்து போட்டால் தாழ்ந்த பின்பக்கம் அலையை நேராக வாங்கும்; மோட்டாரின் எடையும் அங்கேதான். சின்னப் படகு நிரம்ப இரண்டு அலை போதும். கயிறு ஆழத்தைப்போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு நீளம் விட வேண்டும், கயிறு படுத்த வாக்கில் இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைப் பற்றும். மீன் மாட்டிய அவசரத்தில் கில் சுவிட்ச் கயிற்றை (ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை) கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களோடு நான் போவதில்லை. ஆள் விழுந்தும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், பிடி பக்கவாட்டில் சாய்ந்து படகு வட்டமடித்துத் தண்ணீரில் இருக்கும் ஆளை நோக்கியே வரும். லைஃப் ஜாக்கெட்டும் இருக்கைக்கு அடியில் இருந்து பிரயோஜனமில்லை; விழுந்த பிறகு அதைப் போட்டுக்கொள்வது சாத்தியமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் படகை எடுத்துப் போகிறவர்கள் டிரெய்லரில் தொங்கும் செடியைக் கையால் உருவி எறிந்து, அடித் தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவிட்டு எடுத்துப் போங்கள். வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1980களில் கப்பல்கள் நிலைக்காக ஏற்றிக்கொள்ளும் எடைநீரோடு வந்த வரிக்குதிரைச் சிப்பி, அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவியதில் இப்படி டிரெய்லரில் போன பொழுதுபோக்குப் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, வடிக்காமல் விட்ட ஒரு குவளைத் தண்ணீரில் பயணம் செய்யும். ஐந்து நாள் வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் தீர்ந்தது. மூடி வைக்கும்போது தார்ப்பாயை இழுத்து அடைக்காமல் இரண்டு ஓரத்தில் காற்று போக வழி விடுங்கள், முன்முனையைக் கொஞ்சம் உயர்த்தி, பிளக்கைக் கழற்றி வையுங்கள். மழைநீர் உள்ளே போனாலும் அந்தத் துளை வழியாகப் போய்விடும். பேட்டரியை மட்டும் முழுசாக சார்ஜ் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.